ஐந்தாம் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மீட்கப்பட்டவர் அல்ல

வியாழக்கிழமை, காலை 9.20

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் நாளிதழை இருபத்தாறு வருடங்களாக முதல் பக்கத்துத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து வரி விளம்பரம் வரை ஒரு எழுத்து விடாமல் படித்து, படித்ததைத் தேதி வாரியாக அடுக்கியும் வைத்திருக்கும் வாசகன் எழுதிக்கொள்வது. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தாங்களும், தங்கள் வீட்டாரும், அச்சுக்கூடத்தில் வேலை செய்பவர்களும் நலமாகவும், முக்கியமாக ஈரமில்லாமலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். எங்களுடையது மாடி வீடு. வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இதை எடுத்த எடுப்பிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், தங்கள் இதழ் இதை ஊர் முழுக்க வேறு விதமாகச் சொல்லிவிட்டது.

நேற்றைய இதழ், ஐந்தாம் பக்கம், வலது மேல் மூலை. நான்கு பேர் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறார்கள். நாற்காலியில் ஒருவர் வாயை முழுதாகத் திறந்து, ஒரு கையை வானத்தை நோக்கி நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கீழே, 'வெள்ளத்தில் சிக்கி நான்கு நாட்களாகத் தவித்த 78 வயது முதியவரை மீட்டு வரும் தன்னார்வலர்கள். முன்னால் இருப்பவர் குழுத் தலைவர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அந்த முதியவர் நான்தான். நான் எதிலும் சிக்கவில்லை, தவிக்கவில்லை, எனக்கு வயது அறுபத்தாறு, என்னை யாரும் மீட்கவில்லை. முன்னால் இருப்பவர் தலைவர் அல்ல, தையல்காரர். தலைவர் நான். ஒரே ஒரு படத்தின் அடியில் ஐந்து தவறு. எங்கள் பணிமனையில் ஒரு டூட்டி சீட்டில் இரண்டு தவறு இருந்தாலே எழுதினவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்போம். படம் வந்ததிலிருந்து என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. எங்கள் சம்பந்தியம்மாள் மிகவும் தணிந்த குரலில், "இப்ப எழுந்து உக்கார்றாரா?" என்று கேட்டிருக்கிறார். என் மனைவி அதற்கு, "உக்காந்துதான் இருக்கார், அதுதான் பிரச்சினையே" என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

உறவுக்காரர்கள் கேட்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கள் தெருக்காரர்களைத்தான் பொறுக்க முடியாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இங்கே முழங்கால் அளவுக்கு ஒரு முறை தண்ணீர் வந்தது. அப்போது சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஒரு வண்டி வந்தது. கடைசி வரிசையில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் ஜன்னல் வழியே கையை நீட்டி ஒரே ஒரு பொட்டலம் வாங்கினார். அவ்வளவுதான் அவர் செய்தது. அன்றிலிருந்து அவர் பெயர் பொட்டலம். அவர் மனைவி பொட்டலத்தம்மா. அவர் வளர்க்கிற நாய், அது பிறந்தே மூன்று வருடம்தான் ஆகிறது, அதற்கும் பொட்டலத்து நாய் என்றுதான் பெயர். தபால்காரர்கூட, "பொட்டலம் இருக்காரா, பதிவுத் தபால்" என்றுதான் கேட்பார். இப்போது அந்த வரிசையில் நான். நேற்றுக் காலை பத்தேகாலிலிருந்து என் பெயர் நாற்காலி. மாத்திரை வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர் உள்ளே இருக்கும் பையனிடம், "நாற்காலி ஐயாவுக்கு பிரஷர் மாத்திரை ஒரு அட்டை" என்கிறார். அவரும் அந்த நாற்காலியைத் தூக்கினவர்களில் ஒருத்தர். தாங்கள் திருத்தம் போடவில்லை என்றால் நான் போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு இந்தப் பெயர்தான். அதனால்தான் நேற்றே தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். மூன்றாவது முறை பேசியவர், "திருத்தம் எழுதி ரெடியா வெச்சாச்சுங்க, வெள்ளிக்கிழமை காலைல வந்துடும். ஃபைலுக்காக விவரமா ஒரு லெட்டர் மட்டும் கொடுத்தனுப்புங்க" என்றார். விவரம் இதோ.

போன வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஆற்றின் கரை உடைந்தது. ஆறு ஐம்பதுக்கு எங்கள் தெரு. கீழ் வீடுகளில் எல்லாம் இடுப்பு வரைக்கும் தண்ணீர். எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மதியம் தண்ணீர் வடிந்தது, ஆனால் கொண்டுவந்த சேற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. முப்பத்திரண்டு வருடம் தினமும் நூற்றுப் பதினான்கு வண்டியை நேரத்துக்கு வெளியே அனுப்பியவனுக்கு ஒரு தெருவைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புவது ஒரு வேலையா என்று நினைத்தேன். என் மனைவி, "ஊரை அப்புறம் பார்க்கலாம், முதல்ல நம்ம மோட்டார் ஓடுதான்னு பாருங்க" என்றாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் தங்களுக்கும் ஒரு கடிதம் மிச்சம். நான் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் கூட்டம் போட்டேன். ஏழு ஐம்பதுக்கே நாற்பத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. ஒரு பதிவேட்டைத் திறந்து இடது பக்கத்தில் 'உதவி செய்பவர்கள்', வலது பக்கத்தில் 'உதவி தேவைப்படுபவர்கள்' என்று எழுதி மேசையில் வைத்தேன். நாற்பத்து மூன்று பேரும் வரிசையில் நின்று இடது பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வலது பக்கம் வாங்கின நாளில் இருந்த மாதிரியே இருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் முழங்கால் வரை சேற்றோடு, கக்கத்தில் ஒரு நனைந்த தலையணையோடு வந்து நின்றார். தலையணையிலிருந்து பதிவேட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "சேறு அள்ற பிரிவுல போடுங்க. பாவம், யார் யாருக்கு என்ன கஷ்டமோ" என்றார். தெருக்கோடி வீட்டில் தனியாக இருக்கும் தலைமையாசிரியை அம்மா, ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் எங்களை எல்லாம் இன்னும் ஆறாம் வகுப்பாகவே நடத்துபவர், ஆறுதல் சொல்லும் பிரிவுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். அவர் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்ததை நான் மாடியிலிருந்தே பார்த்தேன். பொட்டலம்தான் எல்லாருக்கும் முதலில் வந்து, பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டுப் போனார்.

சரி, வீடு வீடாகப் போய்க் கேட்டால் சொல்லாமலா இருப்பார்கள் என்று திங்கட்கிழமை ஏழு அணி பிரித்தேன். ஒவ்வோர் அணிக்கும் ரூட் எண், புறப்படும் நேரம், வந்து சேரும் நேரம், டூட்டி சீட்டு. டூட்டி முடிந்தால் கையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும், அடுத்த அணி பார்த்துக்கொள்ளும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பணிமனையில் அப்படித்தான். முதல் அணியோடு நானே போனேன். முடிதிருத்துபவர் வீட்டு வாசலில் அவருடைய சுழல் நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. அவர் உள்ளேயிருந்து, "நமக்கு ஒண்ணுமில்லீங்க. அடுத்த வீட்டைப் பாருங்க, அவங்க பாடுதான் ரொம்ப மோசம்" என்றார். அடுத்த வீடு தையல்காரர். நான்கு தையல் மெஷினும் மண்ணில் புதைந்து தலை மட்டும் தெரிந்தது. "நாங்க ஜோரா இருக்கோம். முடிவெட்டறவர் வீட்டைப் பார்த்தீங்களா? பாவம்" என்றார். அதற்கு அடுத்த வீட்டில் குடும்பமே அலமாரிமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தது. என்ன என்று கேட்டால், "சும்மாதான், மேல தூசி தட்டிக்கிட்டிருக்கோம்." தலைமையாசிரியை அம்மா கதவைக் கையகலம் மட்டும் திறந்தார். "யாருக்காவது ஆறுதல் வேணுமா?" என்று அவரே எங்களைக் கேட்டார். "உங்க வீடு எப்படிம்மா இருக்கு?" என்றேன். "வீடு வீடு மாதிரி இருக்கு" என்று கதவைச் சாத்திவிட்டார். சாத்தின கதவுக்குக் கீழேயிருந்து கொஞ்சம் சேறு வெளியே வந்தது. மாலைக்குள் ஏழு அணியும் சேர்ந்து இருபத்தெட்டு நடை அடித்திருந்தது. ஓட்டுநரும் நடத்துநரும் நிறைந்து, ஏறுவதற்குப் பயணி ஒருத்தர்கூட இல்லாத வண்டியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நகராட்சியிலிருந்து ஓர் எழுத்தர் வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் வந்தால் சனிக்கிழமை லாரி வரும். சேறு இழுக்கும் பம்பு, குடிதண்ணீர், பிளீச்சிங் பவுடர், மெத்தை, மருந்து எல்லாம் அதில்தான். பட்டியல் இல்லாத தெருப் பக்கம் லாரி திரும்பாது. "நாலஞ்சு நாள்ல சேறை எடுக்கலேன்னா வீட்டுக்கு வீடு காய்ச்சல்ல படுத்துடுவாங்க, பார்த்துக்குங்க" என்றார். நான் பதிவேட்டை நீட்டினேன். அவர் வலது பக்கத்தைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"காலியா இருக்கே. உங்க தெருவுல வெள்ளமே வரலையா?"

"வந்துதுங்க."

"அப்ப பாதிக்கப்பட்டவங்க?"

"இல்லீங்க. உதவி செய்யறவங்க நாற்பத்து மூணு பேர் இருக்காங்க."

"யாருக்கு உதவி?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

நானே எல்லார் பெயரையும் எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் கையால் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று சொல்லிவிட்டார். போகும்போது, இவ்வளவு நல்ல நிலைமையில் இருக்கிறீர்களே, பக்கத்துத் தெருவுக்குக் கை கொடுக்கலாமே என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஐந்து மணிக்கு இருபது பேரை மண்வெட்டியோடு அணிவகுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனை திரும்பினால் எதிரே பக்கத்துத் தெருக்காரர்கள் இருபது பேர் மண்வெட்டியோடு வருகிறார்கள். அந்த எழுத்தர் அங்கேயும் போய் இதையே சொல்லியிருக்கிறார். அவர்கள் பதிவேட்டிலும் வலது பக்கம் காலி. "நீங்க உக்காருங்க, உங்க சேறை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். "அதெப்படி, நீங்க உக்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றோம். பேச்சு முற்றி, இரண்டு தெருவும் சேரும் இடத்தில் எதிர் எதிராக நின்று வேலையை ஆரம்பித்தோம். அவர்கள் எங்கள் பக்கத்துச் சேற்றை அள்ளித் தங்கள் பக்கம் போட்டார்கள். நாங்கள் அவர்கள் பக்கத்துச் சேற்றை அள்ளி எங்கள் பக்கம் போட்டோம். ஆறரை வரைக்கும் வியர்க்க விறுவிறுக்க வேலை. முடித்து நிமிர்ந்து பார்த்தால் சேறு இருந்த இடத்திலேயேதான் இருந்தது, கொஞ்சம் நன்றாகக் கலந்திருந்தது.

இனி படத்துக்கு வருகிறேன். ஆள் இருந்தும் வேலை இல்லாவிட்டால் பழக்கம் விட்டுப்போகும் என்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு மீட்பு ஒத்திகை வைத்தேன். நடக்க முடியாதவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவது எப்படி என்பது பாடம். விதி மிகச் சுலபம். வாய் வார்த்தையைக் கேட்கக் கூடாது, கூட்டத்தில் பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவார்கள், என் விசிலுக்கு மட்டும்தான் கட்டுப்பட வேண்டும். ஒரு விசில் என்றால் தூக்கி நட, இரண்டு விசில் என்றால் நிறுத்தி இறக்கு. முதலில் காலி நாற்காலியை வைத்துப் பழக்கினேன். நடுவில் வேண்டுமென்றே, "இறக்குங்க, இறக்குங்க" என்று கத்திப் பார்த்தேன். இரண்டு பேர் இறக்கிவிட்டார்கள். அவர்களைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். "நானே சொன்னாலும், கெஞ்சினாலும், விசில் வராம இறக்கக் கூடாது" என்றேன். நானே சொன்ன வாசகம் ஐயா, மறுக்கவில்லை. அப்புறம் நாற்காலியில் ஆளை உட்கார வைக்க வேண்டும் அல்லவா. ஒருத்தரும் முன்வரவில்லை. "ஒத்திகைதானே, சும்மா உக்காருங்க" என்றேன். "ஒத்திகையா இருந்தாலும் பார்க்கறவங்களுக்கு அது தெரியுமா?" என்று பொட்டலம் கேட்டார். அனுபவஸ்தர் பேச்சுக்கு மறு பேச்சு இல்லை. கடைசியில் விசிலை வாயிலும் டூட்டி அட்டையைக் கையிலும் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

முன்னால் தையல்காரரும் முடிதிருத்துபவரும், பின்னால் மருந்துக்கடைக்காரரும் பொட்டலமும். முன்னால் இருந்த இருவரும் குட்டை. மருந்துக்கடைக்காரர் பரண்மேல் இருப்பதை ஏணி இல்லாமல் எடுக்கிறவர். ஒரு விசில் கொடுத்தேன், தூக்கினார்கள், நாற்காலி முன்பக்கமாகச் சரிந்தது, நான் விழாமல் இருக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ" என்றேன். விசில் சேற்றில் விழுந்துவிட்டது. நேரம் ஒன்பது ஐம்பத்திரண்டு. அதற்கப்புறம் நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. "இறக்குங்க" என்றேன். "விசில் வரலீங்க" என்றார் தையல்காரர். "விசில் கீழ விழுந்துடுச்சு, நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன். "கொஞ்சம் முன்னாடியும் இப்படித்தான் சொன்னீங்க. மறுபடி ஏமாறுவோமா?" என்றார் பொட்டலம். கெஞ்சினேன். "இதையும் முதல்லயே சொல்லிட்டீங்க" என்றார்கள். தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். எங்கள் வீட்டைக் கடந்தபோது என் மனைவி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க தூக்கிட்டுப் போறீங்க அவரை?" என்றாள். "தெரியலீங்கம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "சரி, பன்னிரண்டு மணிக்கு மாத்திரை போடணும், அதுக்குள்ள கொண்டாந்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது சுற்றில்தான் தங்கள் புகைப்படக்காரர் வந்தார். நான் கையை நீட்டி, "அந்த விசிலைத் தேடி எடுங்கப்பா" என்று உரக்கச் சொன்ன நிமிடத்தில்தான் படம் எடுத்திருக்கிறார். தாங்கள் கதறல் என்று நினைத்தது ஒரு நிர்வாக உத்தரவு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்துகொண்டே தையல்காரரிடம், "ஐயாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். தையல்காரர் எந்த ஆளையும் நாடா வைத்து அளக்காமல் கண்ணாலேயே அளவு சொல்கிறவர், என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "எழுபத்தெட்டு இருக்கும்" என்றார். பத்து நாற்பதுக்கு அந்த அணிக்கு டூட்டி முடிந்தது. நான் போட்ட விதிப்படி, கையில் இருந்ததை இருந்த இடத்தில் அப்படியே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட நால்வரும் போய்விட்டார்கள். கையில் இருந்தது நான். இருந்த இடம் தெருவிலேயே ஆழமான சேறு. நாற்காலியின் கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பதினொரு மணி அணி அந்தப் பக்கமாக வந்தது. "எங்க ரூட் வலது பக்கம்ங்க, நீங்க இடது பக்கத்துல இருக்கீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு என் மனைவி மாத்திரையும் ஒரு பலகையும் எடுத்துக்கொண்டு வந்து, பலகையைப் போட்டு என்னை நடத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இதையும் மீட்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது குடும்ப விஷயம்.

எனவே தாங்கள் தயாராக வைத்திருக்கும் திருத்தத்தில் கீழ்க்கண்ட வாசகம் ஒரு எழுத்துக் குறையாமல் வரும்படி மிகப் பணிவாகவும் மிக உறுதியாகவும் கேட்டுக்கொள்கிறேன்: 'புதன்கிழமை படத்தில் நாற்காலியில் இருப்பவர் வெள்ளத்தால் எவ்வகையிலும் பாதிக்கப்படாதவர். அவருக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை, இனியும் தேவைப்படாது. அவரே குழுத் தலைவர். அவர் நல்ல திடகாத்திரமான உடல்நிலையில் உள்ளார்.' இடம் இருந்தால் என் பழைய படம் ஒன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன், பணிமனை வாசலில் நின்றுகொண்டு எடுத்தது. நின்றுகொண்டு என்பது முக்கியம்.

தங்கள் இதழ் நாளுக்கு நாள் பெருகவும், அச்சு எந்திரம் நடுவழியில் நிற்காமல் ஓடவும், தங்கள் குடும்பத்தார் எல்லோரும் நோய்நொடியின்றி மாடி வீடுகளில் நீண்ட காலம் வாழவும் மனதார வேண்டுகிறேன். தங்கள் புகைப்படக்காரருக்கும் என் ஆசிகள், அவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனாலும் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குழுத் தலைவர்

பின்குறிப்பு: வியாழக்கிழமை, மதியம் 2.45. ஐயா, தயவுசெய்து திருத்தம் போடாதீர்கள். மேலே எழுதியது எதையும் போடாதீர்கள். நிறுத்தச் சொல்வதற்காக ஒரு மணி நேரமாகத் தங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. வேறு கடிதம் எழுதலாம் என்றால் வீட்டிலிருந்த காகிதம் எல்லாம் டூட்டி சீட்டாகப் போய்விட்டது. அதனால் இதிலேயே எழுதி, தையல்காரரிடம் சைக்கிளில் கொடுத்தனுப்புகிறேன். நடந்தது இதுதான். பதினொன்றே காலுக்கு உறையை ஒட்டிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை அம்மா படியேறி வந்தார். கூட்டத்துக்கு மொட்டை மாடிக்கு வந்ததைத் தவிர எங்கள் வீட்டுக்கு அவர் இதுவரை வந்ததே இல்லை, செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கும் வரவில்லை. கையில் தங்கள் ஐந்தாம் பக்கம், நான்காக மடித்தது. கிண்டல் செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. "இதைப் பார்த்தேன். நேத்து முழுக்க யோசிச்சேன். நீங்களே நாலு பேர் தூக்கிட்டுப் போக உக்காந்திருக்கீங்க, அதுவும் பேப்பர்ல வர்ற மாதிரி. எனக்கு மட்டும் என்ன பெரிய கௌரவம்? கட்டில் மேல பெஞ்சைப் போட்டு அதுலதான் படுக்கறேன், ஆறு நாளாச்சு. கீழ இறங்கினா சேறு கணுக்கால் வரைக்கும் ஏறுது. முதுகு விட்டுப்போச்சு. என் பேரையும் எழுதிக்குங்க" என்றார். அம்மா, அது ஒத்திகை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பின்னாலிருந்து என் மனைவி என் முதுகில் நன்றாக ஒரு கிள்ளுக் கிள்ளினாள். "ஆமாம்மா, எனக்கும் ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துது. தூக்கிட்டுப் போனது எவ்வளவோ தேவலை" என்றேன். அது முழுக்க நடிப்பு இல்லை ஐயா. பதிவேட்டை எடுத்து வலது பக்கத்தை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு பார்த்தார். "உங்க கையெழுத்து எங்க?" என்றார். காலியாக இருந்த பக்கத்தில் முதல் ஆளாக அவர் எழுத மாட்டாராம். ஒரு சொட்டுத் தண்ணீர் வராத மாடி வீட்டுக்காரன் நான் முதலில் கையெழுத்துப் போட்டேன், அடியில் அவர் போட்டார். படியிறங்கிப் போனவர் தெருவில் யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. முடிதிருத்துபவர் வந்தார், அலமாரிமேல் தூசி தட்டிய குடும்பம் இறங்கி வந்தது, தையல்காரர் வந்தார், பொட்டலம் வந்து இந்த முறை சின்ன எழுத்தில் பெயரை எழுதிவிட்டு, "ரெண்டு மெத்தை கிடைக்குமா?" என்று கேட்டார். இப்போது வலது பக்கத்தில் முப்பத்தேழு கையெழுத்து. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்கு இது நகராட்சிக்குப் போக வேண்டும். நாளைக் காலையில் தங்கள் இதழில் நான் திடகாத்திரமாக இருக்கிறேன் என்று ஒரு வரி வந்தால் போதும், பன்னிரண்டு மணிக்குள் முப்பத்தாறு பேரும் வந்து தங்கள் பெயரை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்துத் தெருவில் இன்னும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லையாம், பெரிய வீம்புக்காரர்கள். தங்கள் புகைப்படக்காரரை இன்று மாலை ஐந்து மணிக்கு அனுப்பினால், அந்தத் தெரு வழியாகவும் ஒரு முறை என்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். வயது எண்பத்தைந்து என்றே போட்டுக்கொள்ளுங்கள்.